காதடிக் கட்டியும் முகநரம்பும்: ஒரு நாதஸ்வரக் கலைஞருக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 46. கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். பரம்பரையாக நாதஸ்வரம் வாசிக்கும் குடும்பம். ஆறு வருடங்களுக்கு முன் வலது காது மடலுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. வலி இல்லை. வாத்தியம் ஊதுவதால் வந்த வீக்கம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் விட்டுவிட்டேன். இடையில் சில மாதம் பற்றும் போட்டுப் பார்த்தேன். இப்போது நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. ஸ்கேனில் 3.2 செ.மீ. என்று போட்டிருக்கிறார்கள். ஊசி வைத்து எடுத்த பரிசோதனையில் 'ப்ளியோமார்ஃபிக் அடினோமா, மிலன் 4ஏ' என்று வந்திருக்கிறது. 4 என்றால் புற்றுநோயின் நான்காம் கட்டமா? ஒரு மருத்துவர், சுரப்பியின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும், மூன்று மணி நேர ஆபரேஷன், முகநரம்புக்கு ஆபத்து உண்டு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார். இன்னொருவர், மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் கட்டியை மட்டும் நோண்டி எடுத்துவிடலாம் என்கிறார். என் மைத்துனருக்கு இதே இடத்தில் ஆபரேஷன் செய்து வாய் கோணிவிட்டது. உதடு கோணினால் என் பிழைப்பே போய்விடும். என்ன செய்வது? எப்போது செய்துகொள்வது? மறுபடி வாசிக்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தையும் அதனுடன் வந்த அறிக்கைகளின் நகல்களையும் படித்தேன். கட்டியைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிற பதில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். இறுதி முடிவை உங்களை நேரில் பரிசோதிக்கும் அறுவை மருத்துவரோடு பேசியே எடுக்க வேண்டும்.

முதலில் அந்த 4. உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ஊசி வைத்து எடுக்கும் பரிசோதனையின் முடிவை உலகெங்கும் ஒரே மாதிரியாக எழுத வேண்டும் என்பதற்காக 2018-இல் வெளியிடப்பட்ட வகைப்பாட்டுக்கு மிலன் முறை என்று பெயர். அதில் 1 என்றால் போதுமான மாதிரி கிடைக்கவில்லை. 2 என்றால் கட்டியே அல்ல, அழற்சி போன்ற வேறொன்று. 3 என்றால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. 4ஏ என்றால் புற்றல்லாத கட்டி. 4பி என்றால் கட்டிதான், ஆனால் எத்தகையது என்று ஊசி மாதிரியை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. 5 என்றால் புற்று என்னும் ஐயம். 6 என்றால் புற்று. ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள எண்ணுக்கும் புற்றுநோயின் நான்காம் கட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 4ஏ என்று வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே, கட்டியை முழுதாக எடுத்துச் சோதித்தபின் புற்று என்று தெரியவருகிறது. அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது இந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பியிருந்தால் நீங்கள் இத்தனை நாள் கலங்கியிருக்க மாட்டீர்கள்.

ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். இப்பரிசோதனைக்குப் பயன்படும் ஊசி, இரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரும்பாலும் மெல்லியது; அதன் வழியாகக் கட்டி பரவுவது மிக மிக அரிது. செய்யக் கூடாதது வேறொன்று: காதடியில் தோலைக் கீறி, கட்டியில் ஒரு துண்டை மட்டும் வெட்டிச் சோதனைக்கு அனுப்புவது. அது கட்டியின் உறையைக் கிழித்து அதன் உயிரணுக்களைச் சுற்றிலும் சிந்தவிடும், நரம்புக்கும் ஆபத்து, பின்னர் செய்ய வேண்டிய முறையான அறுவையையும் கெடுத்துவிடும். உங்களுக்கு அது நடக்கவில்லை என்பது நல்லதாயிற்று.

வாத்தியம் ஊதுவதால் இது வந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரியவர்கள் சொன்னதில் முற்றிலும் அடிப்படை இல்லாமல் இல்லை. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் படர்ந்திருக்கும் இந்தப் பரோடிட் சுரப்பியின் குழாய், மேல்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் திறக்கிறது. கன்னத்தை உப்ப வைத்து ஓங்கி ஊதுகிறவர்களுக்கு, காற்று சில வேளை அந்தத் துவாரம் வழியாகச் சுரப்பிக்குள்ளேயே புகுந்துவிடும். கண்ணாடி ஊதும் தொழிலாளரிடமும் ட்ரம்பெட் வாசிப்போரிடமும் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வீக்கம் ஊதியபின் வரும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வடியும். விரலால் அழுத்தினால் நறநறவென்று காற்று நகர்வது தெரியும். வாய்க்குள் அந்தத் துவாரத்தில் நுரை கலந்த எச்சில் வரும். ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்று, வடியாமல், மெல்ல மெல்ல வளர்ந்த ஒன்று காற்று வீக்கமாக இருக்க முடியாது. உங்கள் கட்டியை வாத்தியம் உண்டாக்கவில்லை; அதைக் காட்டிக்கொள்ளாமல் ஆறு வருடம் கடத்த மட்டும் உதவியது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைக் கட்டிக்கு அது காரணம் என்று நிறுவப்படவில்லை. அதே கன்னத்தின் உட்புறத்தில் வாய்ப்புற்று வருவதற்கு அது நிச்சயமான காரணம் என்பதால், இந்தச் சாக்கிலாவது விட்டுவிடுங்கள்.

இனி கட்டியின் தன்மை. நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணைகள் உண்டு: காதடியில் பரோடிட், தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. இவையன்றி அண்ணம், உதடு, கன்னம் எங்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் உள்ளன. கட்டிகளில் பெரும்பாலானவை பரோடிட்டில்தான் தோன்றுகின்றன. அங்கே தோன்றுபவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது புற்றல்லாதவை. தாடையடிச் சுரப்பியில் தோன்றுபவற்றில் பாதியளவு புற்று. நாவடிச் சுரப்பியிலும் அண்ணத்துச் சிறு சுரப்பிகளிலும் புற்றின் பங்கு அதைவிடக் கூடுதல். சுரப்பி சிறுக்கச் சிறுக்க ஐயம் பெருக வேண்டும் என்பது எங்கள் துறையில் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். அவ்வகையில் உங்கள் கட்டி தோன்றிய இடம் சாதகமானது.

பரோடிட்டில் வரும் புற்றல்லாத கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது உங்களுக்கு வந்திருக்கும் ப்ளியோமார்ஃபிக் அடினோமாதான். புற்றில்லை என்றால் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, இது தானாக நிற்பதில்லை; மெதுவாகவேனும் வளர்ந்துகொண்டே போகும், வளர வளர நரம்பின் கிளைகளைத் தன் மேல் இழுத்துப் பரப்பிக்கொள்ளும். மற்றொன்று, ஆண்டுகள் கழியக் கழிய இதற்குள்ளேயே புற்று தோன்றும் வாய்ப்பு ஏறுகிறது. முதல் ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்றிருப்பது, பதினைந்தாண்டுகளைத் தாண்டும்போது பத்தை நெருங்கலாம் என்பது பாடநூல்கள் தரும் கணக்கு. அப்படித் தோன்றும் புற்று மூர்க்கமானது. எண்பது வயதுக்காரர் ஒருவர் இதய நோயோடு இதே கட்டியைக் கொண்டுவந்தால், கண்காணித்துக்கொண்டு இருப்போம் என்று நானே சொல்வேன். புகைபிடிக்கும் முதியவர்களுக்கு வரும், புற்றல்லாத இன்னொரு வகையான வார்தின் கட்டி என்று உறுதியாகிவிட்டால், தொந்தரவு இல்லாதவரை அதையும் விட்டுவைக்கலாம். 46 வயதில் உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

மருந்தாலோ கதிர்வீச்சாலோ பற்றாலோ இது கரையாது. பற்றைப் பற்றி ஒரு சொல்: சூடான பற்று தோலைப் புண்ணாக்கினால், கட்டியிலிருந்து தோலைப் பிரித்தெடுக்கும் வேலை கடினமாகும். தோல் இப்போது நலமாக இருக்கிறதென்றால் அப்படியே இருக்க விடுங்கள்.

அடுத்ததுதான் உங்கள் கேள்வியின் மையம்: அரை மணி நேரமா, மூன்று மணி நேரமா?

இந்தக் கட்டியை அறுத்து வெளியே எடுத்துப் பார்த்தால் வழவழப்பான உறையோடு உருண்டையாகத்தான் இருக்கும். விரலை விட்டு நெம்பினால் அழகாகக் கழன்று வரும் என்று தோன்றும். நுண்ணோக்கியில் பார்க்கும்போதுதான் அந்த உறையின் யோக்கியதை தெரியும். அது ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மயிரிழையாகவும், சில இடங்களில் இல்லாமலேயும் இருக்கும். இஞ்சிக் கிழங்கில் பக்கவாட்டில் முளைகள் புடைத்திருப்பதுபோல் கட்டியின் சிறு முளைகள் உறையைத் தாண்டிச் சுரப்பிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நோண்டி எடுக்கும்போது தாய்க்கட்டி வந்துவிடும், முளைகள் உள்ளே தங்கிவிடும். உறை கிழிந்தால் உள்ளிருக்கும் கொழகொழப்பான பொருள் காயமெங்கும் சிந்தும். சிந்திய இடமெல்லாம் புதிய கட்டிக்கு விதை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முகநரம்பைத் தொட அஞ்சி, எல்லோரும் இப்படித்தான் நோண்டி எடுத்தார்கள். பழைய கணக்குகளில் அவர்களில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேருக்குக் கட்டி திரும்ப வந்தது. 1940-களிலும் 50-களிலும்தான் நரம்பை முதலில் கண்டுபிடித்து, அதைப் பாதுகாத்துக்கொண்டே கட்டியை நல்ல திசுவோடு சேர்த்து எடுக்கும் முறை நிலைபெற்றது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் டேவிட் பேட்டியும் அவருடைய சகாவும் அறுத்தெடுத்த சுரப்பிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1958-இல் எழுதியது இந்த மாற்றத்துக்கு வலுவான ஆதாரமாயிற்று. அதன்பின் திரும்ப வருவது நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

திரும்ப வந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாமே என்று எண்ண வேண்டாம். திரும்ப வரும் கட்டி ஒன்றாக வராது. ஏழெட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்து, பழைய தழும்பின் கீழே கடுகும் மிளகுமாகப் பல முடிச்சுகள் வரும். அப்போது நரம்பு தழும்புத் திசுவுக்குள் புதைந்து, எது நரம்பு எது தழும்பு என்று பிரித்தறிய முடியாதபடி ஒட்டிக்கிடக்கும். முதல் அறுவையில் நிரந்தரமாக முகம் கோணும் ஆபத்து எவ்வளவோ, அதைப் போலப் பல மடங்கு இரண்டாம் அறுவையில் உண்டு. உதட்டை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு முதல் அறுவையே கடைசி அறுவையாக அமைய வேண்டும். அதனால்தான், நரம்பைக் காட்டி உங்களைப் பயமுறுத்திய மருத்துவர், உங்கள் நரம்பைப் பற்றி அதிகம் யோசித்திருக்கிறார் என்று நான் கருதுகிறேன்.

மரத்துப்போகும் ஊசியில் மற்றொரு சிக்கலும் உண்டு. அந்த மருந்து முகநரம்பையும் மரக்கவைத்துவிடும். நரம்பு வேலை செய்கிறதா என்று இடையில் சோதிக்க அறுவை மருத்துவருக்கு வழியே இருக்காது. அவர் தேடாத நரம்பு அவர் கண்ணில் படுவது அறுபட்ட பிறகாகவும் இருக்கலாம்.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். கட்டியை உறை கிழியாமல், சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நல்ல திசுவோடு மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு முறையும் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கிறிஸ்டி மருத்துவமனையில் பல்லாண்டுகள் அதைச் செய்து நல்ல முடிவுகளைக் காட்டியிருக்கிறார்கள். மேலோட்டமாக உள்ள, நன்றாக அசைகிற, நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு, அதில் பழக்கம் உள்ளவர் கையில் அது ஏற்கத்தக்க முறைதான். ஆனால் அதையும் முழு மயக்கத்தில், நரம்பைக் கண்காணிக்கும் கருவியோடு செய்கிறார்கள். நோண்டி எடுப்பது வேறு, அது வேறு. இரண்டாவது மருத்துவர் எதை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று நேரடியாகக் கேளுங்கள். 'நரம்பை எப்படிக் காப்பாற்றுவீர்கள்' என்ற கேள்விக்கு 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்பது மட்டுமே பதிலாக வந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

முகநரம்பு மண்டையோட்டின் அடியில், காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கு முன்னால் ஒரு சிறு துவாரம் வழியாக வெளியே வருகிறது. வந்தவுடன் பரோடிட் சுரப்பிக்குள் நுழைந்து, முதலில் இரண்டாகவும் பின்னர் ஐந்து கிளைகளாகவும் பிரிகிறது: நெற்றிக்கு ஒன்று, கண்ணிமைக்கு ஒன்று, கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் ஒன்று, கீழுதட்டுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. உங்களுக்கு உயிரானவை மூன்றாவதும் நான்காவதும். கன்னத்தசையை இறுக்கிக் காற்றை உந்துவதும், வாத்தியத்தின் ஊதுமுனையான சீவாளியைச் சுற்றி உதட்டைக் காற்றுக் கசியாமல் பூட்டுவதும் இவற்றின் வேலை. கன்னத்துக்குப் போகும் கிளை அக்கம்பக்கத்துக் கிளைகளோடு பல இணைப்புகளை வைத்திருப்பதால், ஒன்று சோர்ந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். கீழுதட்டுக் கிளை பெரும்பாலும் தனியாள். அதற்கு மாற்று குறைவு. எனவே அறுவைக்குப் பின் பலவீனம் வந்தால் அதிகம் வருவது அங்கேதான். நாக்கால் தட்டி ஸ்வரங்களைப் பிரித்து வாசிக்கும் துத்துகாரத்துக்குக் கவலைப்பட வேண்டாம். நாக்கை அசைக்கும் நரம்பு வேறு. அது தாடையடிச் சுரப்பியின் அறுவையில்தான் குறுக்கே வரும்.

உங்கள் கட்டி சுரப்பியின் கீழ்முனையில், மேல்தளத்தில், அதாவது நரம்புக்கு வெளிப்புறமாக, இருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அல்ட்ராசவுண்டுக்குத் தாடை எலும்பு மறைப்பதால் ஆழ்தளம் தெரியாது. நரம்பின் கிளைகளை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டாவிட்டாலும், அவற்றுக்குச் சற்று அடியில் ஓடும் ஒரு சிரை தெரியும். அதைக் குறியாக வைத்துக் கட்டி நரம்புக்கு மேலா கீழா என்று ஊகிக்கலாம். மேல்தளத்தில்தான் என்று உறுதியானால், சுரப்பி முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. நரம்பின் அடிமரத்தைக் கண்டு, கீழ்க் கிளைகளை மட்டும் தொடர்ந்து பிரித்து, கட்டியைச் சுரப்பியின் கீழ்ப்பகுதியோடு எடுத்துவிட்டு, மேற்பகுதியையும் எச்சில் குழாயையும் அப்படியே விட்டுவைக்கலாம். கண்ணுக்கும் நெற்றிக்கும் போகும் கிளைகளைத் தொட வேண்டியே வராது. உங்களுக்கு ஏற்றது இந்தப் பகுதி அறுவை என்பது என் கருத்து. உங்கள் மருத்துவர் சொல்வதும் இதுவாகவே இருக்கலாம்.

அறுவை அறையில் நடப்பதையும் சொல்கிறேன். தெரியாததுதான் அதிகம் பயமுறுத்தும். முழு மயக்கம் கொடுப்பார்கள். ஆனால் தசைகளை நெடுநேரம் தளர்த்திவைக்கும் மருந்தைத் தவிர்ப்பார்கள், நரம்பைத் தூண்டினால் தசை துடிக்க வேண்டும் என்பதற்காக. வலது கண்ணும் வாயோரமும் வெளியே தெரியும்படி முகத்தின் மேல் ஒளிபுகும் விரிப்பைப் போடுவார்கள். காதின் முன்னிருந்து மடலைச் சுற்றிக் கழுத்து மடிப்புக்குள் இறங்கும் வெட்டு, ஓராண்டில் பார்வைக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். தோலைத் தூக்கியபின், காதுக் குருத்தெலும்பின் கூர்முனையையும் கழுத்தில் ஒரு குறிப்பிட்ட தசையின் மேல்விளிம்பையும் அடையாளமாகக் கொண்டு, அக்கூர்முனைக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் வெள்ளையாகக் கிடக்கும் நரம்பைத் தேடுவார்கள். கண்டதும் மெல்லிய மின்தூண்டலால் தொடுவார்கள். வாயோரம் துடிக்கும், கருவி ஒலி எழுப்பும். அதன்பின் நுனி மெல்லிய இடுக்கியை நரம்பின் மேலேயே வைத்து, திறந்து, திசுவை விலக்கி, நரம்பைப் பார்த்துக்கொண்டே வெட்டி முன்னேற வேண்டும். மூன்று மணி நேரம் போவது இதற்குத்தான். முடிவில் அடிமரத்தை மறுபடி தூண்டிப் பார்ப்பார்கள். வாயோரம் துடித்தால், விழித்தவுடன் உதடு சோர்ந்திருந்தாலும் அது திரும்பிவிடும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

உதடு சோர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு? தற்காலிகமான சோர்வு நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேருக்கு வருவதாகப் பல மருத்துவமனைகளின் கணக்குகள் சொல்கின்றன. பகுதி அறுவையில் அது குறையும். நரம்பு அறுபடாமலேயே, இழுபட்டதாலும் வீங்கியதாலும் வருவது அது. சில வாரங்களில் தொடங்கி, தாமதித்தால் ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும். முதல் முறை அறுவைக்கு வரும் புற்றல்லாத கட்டியில், பழகிய கைகளில், நிரந்தரச் சோர்வு மிகச் சிலருக்கே நேர்கிறது. பெரும்பாலான கணக்குகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இல்லவே இல்லை என்று நான் எழுத மாட்டேன். அப்படி எழுதுகிறவரை நீங்களும் நம்ப வேண்டாம்.

உங்கள் மைத்துனரின் பழைய கோப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவருக்கு இருந்தது புற்றா, இரண்டாம் முறை வந்த கட்டியா, அறுவைக்கு முன்பே வாய் கோணியிருந்ததா என்பதெல்லாம் தெரியாமல் அவர் முகத்தை உங்கள் முகத்துக்கு அளவுகோலாக்கக் கூடாது. புற்று நரம்பைச் சுற்றிப் பற்றியிருந்தால், அந்தப் பகுதி நரம்பைத் தெரிந்தே எடுத்துவிட்டு, காலிலிருந்தோ கழுத்திலிருந்தோ வேறொரு நரம்புத் துண்டை வைத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

இன்றிரவு கண்ணாடி முன் நின்று ஒரு காரியம் செய்யுங்கள். புருவத்தை உயர்த்துங்கள், கண்ணை இறுக மூடுங்கள், பல்லைக் காட்டுங்கள், கன்னத்தில் காற்றை நிறைத்து விரலால் தட்டுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா? வலப்பக்கம் சற்றேனும் தாழ்ந்திருந்தாலோ, கட்டி அண்மையில் சில வாரங்களில் வேகமாகப் பெருத்திருந்தாலோ, வலி தொடங்கியிருந்தாலோ, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் வேறு நெறிகள் தட்டுப்பட்டாலோ, இந்தப் பதிலை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். 4ஏ என்ற அறிக்கை அந்த அறிகுறிகளை வெல்லாது. எல்லாம் சமமாக இருந்தால், சீவாளியைப் பிடித்து வாசிக்கும்போது முகத்தை நேரே வைத்து ஒரு காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் எது புதிது, எது முன்பே இருந்தது என்று ஒப்பிட அதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது.

நரம்பு தவிர்ந்த மற்ற விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காது மடலுக்கு உணர்வு தரும் நரம்பு கட்டியின் மேலேயே ஓடுவதால், மடல் மரத்துப்போவது மிகச் சாதாரணம். மாதங்கள் செல்லச் செல்லக் குறையும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். கடுக்கன் போடும்போதும் சவரம் செய்யும்போதும் காயம் பட்டால் தெரியாது என்பதால் கவனம் வேண்டும். சில மாதங்கள் கழித்து, சாப்பிடும்போது அந்தக் கன்னத்தில் மட்டும் வியர்க்கலாம். எச்சில் சுரக்கச் சொல்லும் நரம்பிழைகள் வழி தவறி வியர்வைச் சுரப்பிகளோடு சேர்ந்துகொள்வதால் வருவது. போலந்து நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரே 1923-இல் விளக்கியதால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. ஆபத்தில்லை, தொந்தரவாக இருந்தால் போட்டுலினம் ஊசியால் அடக்கலாம். வாய் உலர்ந்துபோகுமோ என்ற பயம் வேண்டாம். மீதமுள்ள சுரப்பிகள் தாராளமாகப் போதும்.

உங்கள் தொழிலுக்கு நேரடியாகத் தொடர்புடையது எச்சில் கசிவு. விட்டுவைத்த சுரப்பித் திசுவிலிருந்து எச்சில் ஊறித் தோலுக்கடியில் தேங்கலாம். சாப்பிடும்போது வெட்டின் கீழே புடைக்கும். ஊசியால் உறிஞ்சி, அழுத்திக் கட்டுப் போட்டால் சில வாரங்களில் அடங்கிவிடும். இந்த நிலையில் ஓங்கி ஊதினால், ஆரம்பத்தில் சொன்னதுபோலக் காற்று குழாய் வழியாகப் பின்னேறி, ஆறிக்கொண்டிருக்கும் இடத்தைத் திறந்துவிடக் கூடும். ஆகவே ஆறு வாரம் வாத்தியத்தைத் தொட வேண்டாம் என்பது என் அறிவுரை. பிறகு முதலில் சீவாளியை மட்டும் வைத்து மெல்ல ஊதுங்கள். கன்னத்தில் வீக்கமோ வாயோரத்தில் கசிவோ இல்லையென்றால், நாளுக்குச் சிறிது நேரமாகச் சாதகத்தைக் கூட்டுங்கள். உதடு சோர்ந்திருக்கும் நாட்களில் வாயை ஒரு பக்கமாகக் கோணிப் பிடித்து வாசிக்கப் பழகிவிடாதீர்கள். நரம்பு திரும்பிய பின்னும் அந்தப் பழக்கம் போகாது.

எப்போது செய்துகொள்வது? அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் பொறுப்பதால் கேடு வராது. இரண்டு மூன்று ஆண்டு பொறுக்கக் கூடாது. ஆனி முகூர்த்தங்களை முடித்துக்கொண்டு ஆடி பிறந்தவுடன் செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள், நல்ல யோசனை. ஆனால் ஆறு வாரக் கணக்கு ஆவணிக்குள் போய்விடும் என்பதால், ஆவணியின் முதல் முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்காதீர்கள். தற்காலிகச் சோர்வு வந்தால் அது ஐப்பசி, கார்த்திகை வரை நீடிக்கலாம். அதற்குள் வரும் நிகழ்ச்சிகளுக்கு உடன் வாசிப்பவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

எங்கே செய்துகொள்வது என்பதில், துறையின் பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டாம். காது மூக்கு தொண்டை, பொது அறுவை, புற்றுநோய் அறுவை ஆகிய துறைகளிலும் இதைத் திறமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வருடத்துக்கு எத்தனை பரோடிட் அறுவை செய்கிறீர்கள், நரம்பின் அடிமரத்தைத் தேடிக் கண்டபின்தான் செய்வீர்களா, கண்காணிக்கும் கருவி உண்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை நடக்கிறது. தஞ்சாவூர் உங்களுக்கு அருகில். தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது அடங்குமா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்த கட்டி முழுவதும் திசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். போனது என்பதை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த அறிக்கையில் புற்று என்று வந்தால், அது எந்த வகை, எந்தத் தரம், வெட்டிய விளிம்பு வரை இருக்கிறதா, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்து, மீண்டும் அறுவையோ, கழுத்து நெறிகளை அகற்றுவதோ, கதிர்வீச்சோ தேவைப்படும். அப்போது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற, எல்லாச் சிகிச்சையும் ஓரிடத்தில் கிடைக்கும் மையத்துக்குப் போவதே நல்லது. புற்றல்ல என்று வந்தால் வேறு சிகிச்சை வேண்டாம். முதலில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் காட்டினால் போதும். இந்தக் கட்டி பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்ப வரக்கூடியது என்பதால், எந்த ஆண்டில் தழும்பின் அடியில் சிறு முடிச்சு விரலில் பட்டாலும் அதைக் காட்ட வேண்டும். அப்போது பார்க்கிற மருத்துவருக்கு இப்போதைய திசுப் பரிசோதனை அறிக்கையும், நரம்பின் எந்தக் கிளைகள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று எழுதிய அறுவைக் குறிப்பும் தேவைப்படும். மருத்துவமனையைவிட்டு வரும்போதே இரண்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.